பழைய லேத் மக்கர் செய்கிறதா? ஸ்பானரை எடுப்பதற்கு முன் பாருங்கள்

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் இதுவரை நான்கு பழைய லேத்துகளை (இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷின்) திரும்ப ஓட வைத்திருக்கிறேன். அவற்றில் மூன்று லேத் நாலரை அடி நீளம், ஒன்று ஆறு அடி. எல்லாமே கோன் புல்லியும் பெல்ட்டும் வைத்து, ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றுகிற தண்டு) கன்மெட்டல் என்கிற வெண்கலப் புஷ்ஷிலோ ஒயிட் மெட்டல் என்கிற மிருதுவான பேரிங் உலோகத்திலோ ஓடுகிற ரகம். இந்த மாதிரி மெஷினை எடைக்குப் போட்டு உடைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது, அதனால்தான் யார் வீட்டில் ஒன்று வாங்கி வைத்தாலும் கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போய்ப் பார்க்கிற இடத்திலெல்லாம் அதே ஏழெட்டுக் கோளாறுதான். அதைவிட முக்கியம், எல்லோரும் செய்கிற தவறும் ஒன்றேதான். கோளாறு என்றதும் ஹெட்ஸ்டாக்கை (ஸ்பிண்டிலைத் தாங்குகிற இடது பக்கப் பெட்டி) கழற்றிவிடுகிறார்கள். பல வருடம் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்திப் போன பாகங்களை ஒரு காரணமும் இல்லாமல் பிரித்தால், இருந்த கோளாறோடு புதிதாக இரண்டு சேரும். முதலில் அளந்து பாருங்கள். டயல் கேஜ் (நுணுக்கமான அசைவை முள்ளால் காட்டுகிற கருவி) எந்த இடம் என்று காட்டிய பிறகு ஸ்பானரை எடுக்கலாம்.

தேவையானவை: மேக்னட் ஸ்டாண்டோடு 0.01 மி.மீ. டயல் கேஜ், ஒரு மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்), 40 மி.மீ. கனத்தில் ஒரு நல்ல கம்பி. லுங்கி, தோளில் துண்டு, முழுக்கை, மோதிரம், கையுறை எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. சக் கீயை (இறுக்குகிற சாவி) சக்கில் (கடைகிற பொருளைக் கவ்விச் சுற்றுகிற தலை) விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

## ஜாப் (கடைகிற பொருள்) மேல் அலை அலையாக விழுகிறது, வெட்டும்போது லேத் அலறுகிறது

### பார்ட்டிங் (ஜாப்பை வெட்டித் துண்டாக்குவது) போடும்போது மட்டும் என்றால்

லேத்தைச் சந்தேகப்படாதீர்கள், டூலை (வெட்டுகிற உளி) பாருங்கள். எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது? வெட்ட வேண்டிய ஆழத்துக்கு மேல் இரண்டு மூன்று மி.மீ. போதும். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். சக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வெட்ட முடியுமோ அங்கே வெட்டுங்கள். பயந்து பயந்து தொட்டுத் தொட்டு எடுத்தால் இன்னும் அலறும், ஒரே சீராகத் தள்ளுங்கள்.

### எல்லா வேலையிலும் வருகிறது என்றால்

முதலில் டூலின் உயரம். எங்கள் தெருவில் நாற்பது வருடம் டர்னராக இருந்த ஒரு பெரியவர், நான் என்ன கோளாறு என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே கேட்பார்: "கண்ணு, டூல் சென்டர்ல நிக்குதான்னு பாத்தியா?" பத்தில் ஆறு முறை அதுதான் காரணமாக இருந்திருக்கிறது. லேத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை ஜாப்புக்கும் டூல் முனைக்கும் நடுவில் லேசாகப் பிடித்து நிறுத்துங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்களை விட்டு விலகிச் சாய்ந்தால் டூல் உயரம் அதிகம், உங்கள் பக்கம் சாய்ந்தால் குறைவு. டூலுக்கு அடியில் தகடு வைத்துச் சரி செய்யுங்கள். கையோடு டூலைச் சாணை பிடித்து எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

அப்புறம் ஜாப். கனத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் சக்கிலிருந்து வெளியே நீண்டால் டெயில்ஸ்டாக் சென்டர் (வலது பக்கமிருந்து ஜாப்பின் முனையைத் தாங்குகிற கூர்முனை) கொடுத்தே ஆக வேண்டும்.

அதுவும் சரியென்றால் டூலை நகர்த்துகிற ஸ்லைடுகளின் ஜிப் (ஆட்டத்தை எடுக்கிற மெல்லிய பட்டை). டூல் போஸ்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், இன்னொரு கையின் விரலை ஸ்லைடு சேரும் விளிம்பில் வையுங்கள். ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். ஜிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, கைப்பிடி சுற்றும்போது லேசான பிடிப்பு தெரிகிற இடத்தில் லாக் நட்டைப் போடுங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றும், அலன் கீயால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அலறினால்தான் ஸ்பிண்டில். டயல் ஸ்டாண்டை ஹெட்ஸ்டாக் மேல் வைத்து, டயல் முனையை ஸ்பிண்டில் மூக்கின் மேல்புறம் தொட வையுங்கள். சக்கில் ஒரு கனமான கம்பியைப் பிடித்து மேலே தூக்கி விடுங்கள். 0.02, 0.03 மி.மீ. நகர்ந்தால் கவலை வேண்டாம், புஷ் பேரிங்கில் எண்ணெய் நிற்க அந்த இடைவெளி வேண்டும். 0.05 தாண்டினால் சரி செய்ய வேண்டும். பேரிங் கேப்புக்கு (மேல்மூடி) அடியில் இரண்டு பக்கமும் ஷிம் தகடுகள் (இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய தகடுகள்) இருந்தால், இரு பக்கமும் சம அளவில், இருப்பதில் மெல்லியதை எடுத்துவிட்டுக் கேப்பை இறுக்குங்கள். குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கேப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் எடுத்த ஷிம்மில் ஒரு பகுதியைத் திரும்பப் போடுங்கள். முன் கேப்பும் பின் கேப்பும் இடம் மாறக்கூடாது, கழற்றும் முன்பே சென்டர் பஞ்சில் புள்ளி வைத்துவிடுங்கள்.

ஷிம்மே இல்லையென்றால் கேப்பை அரத்தால் ராவி இடைவெளியைக் குறைக்கப் பார்க்காதீர்கள். நான் வாங்கிய இரண்டாவது லேத்தில் முன்பு வைத்திருந்த யாரோ அப்படி ராவியிருந்தார்கள், துளை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வட்டமாக்க ஒயிட் மெட்டல் ஊற்றிப் போரிங் போட வேண்டியதாயிற்று. புஷ்ஷோ ஒயிட் மெட்டலோ தேய்ந்துவிட்டது என்று டயல் சொன்னால் அது வெளியே கொடுக்க வேண்டிய வேலை, வீட்டில் வேண்டாம்.

## டேப்பர் வருகிறது, ஒரு முனை பருமன் மறுமுனை மெலிவு

இதில் ஆட்கள் சுலபமாக ஏமாறுவார்கள், ஏனென்றால் காரணங்கள் நாலைந்து, எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஒரு கேள்வியில் பிரித்துவிடலாம்: டெயில்ஸ்டாக் சென்டர் கொடுத்தால் மட்டும் டேப்பர் வருகிறதா, கொடுக்காமலும் வருகிறதா?

### சென்டர் கொடுத்தால் மட்டும்

டெயில்ஸ்டாக் நேர்கோட்டில் இல்லை. அதன் அடியில் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் மேல் பாகம் நகரும். இரு முனை விட்டங்களுக்குள்ள வித்தியாசத்தில் பாதியளவு நகர்த்தினால் போதும். டெயில்ஸ்டாக் முனை 0.10 மி.மீ. பருமன் என்றால் உங்கள் பக்கமாக 0.05 நகர வேண்டும். டயலை வைத்துக்கொண்டே நகர்த்துங்கள், கண் மதிப்பில் வேண்டாம். பிறகு குவில் (டெயில்ஸ்டாக்கிலிருந்து நீண்டு வருகிற குழல்) உள்ளே சென்டர் பொருந்துகிற எம்டி டேப்பரை (மோர்ஸ் டேப்பர் என்கிற சரிவுத் துளை) துணி சுற்றிய குச்சியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை சோதியுங்கள். உள்ளே ஒட்டியிருக்கிற ஒரு இரும்புச் சுருளே இந்த அளவு கோணலைத் தரும்.

### சென்டர் இல்லாமலும் வருகிறது

40 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே விடுங்கள். நடுப்பகுதியை ஒரு மி.மீ. குறைத்துக் கடைந்துவிட்டு, சக் பக்கம் ஒன்று, வெளி முனையில் ஒன்று என இரண்டு வளையம் மட்டும் நிற்க வையுங்கள். கூரான டூலில், அளவை மாற்றாமல், இரண்டு வளையத்தையும் 0.05 மி.மீ. மட்டும் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளங்கள். வெட்டு மெல்லியது, கம்பி கனமானது, அதனால் கம்பி வளைந்து ஏமாற்றாது.

வெளி முனை பருமனாக இருந்தால் பெட் (லேத்தின் நீளமான அடித்தளம்) முறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது தரையின் கோளாறு. வார்ப்பு இரும்புப் பெட் பார்க்க மலை மாதிரி இருந்தாலும், ஒரு கால் சரியாகப் பதியவில்லை என்றால் முறுக்கிக்கொள்ளும். டெயில்ஸ்டாக் பக்கக் கால்களில், நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலின் போல்ட்டைத் தளர்த்தி அடியில் ஒரு மெல்லிய தகடு வையுங்கள். அந்த மூலை உயர்ந்தால் டூல் ஜாப்பை நோக்கிச் சாயும், வெளி முனையில் கூடுதலாக வெட்டும். வெளி முனை மெலிந்திருந்தால் தகடு பின்பக்கக் காலுக்கு. போல்ட்டை இறுக்கி, திரும்ப வளையங்களைக் கடைந்து அளந்து, அப்படியே நாலைந்து முறை செய்தால் 0.01-க்குள் வந்துவிடும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுகிற மெஷின் லெவல் வேண்டும். அது இல்லையென்றாலும் பரவாயில்லை, இரண்டு வளையமே கடைசித் தீர்ப்பு. ஆறு அடி லேத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது, ஆனால் அதன் பிறகு இரண்டு வருடம் தொடவில்லை. மழைக்காலத்தில் கொட்டகைத் தரை இறங்கினால் மட்டும் மறுபடி பாருங்கள்.

### எவ்வளவு தகடு வைத்தாலும் சரியாகவில்லை

பெட் தேய்ந்திருக்கலாம். சக்குக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளம்தான் அதிகம் தேயும், ஏனென்றால் வேலையெல்லாம் அங்கேயே நடந்திருக்கும். சேடிலின் (டூலைச் சுமந்து பெட்டில் ஓடுகிற பாகம்) ஜிப்பைச் சக் பக்கத்தில் சரியாக வைத்துவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் அதுதான்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டை வீட்டில் ராவவோ சுரண்டவோ கூடாது. பெட் கிரைண்டிங் செய்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும், அதற்கும் முன்னால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பெட்டில் எடுத்த அளவுக்குச் சேடில் கீழே இறங்குமே, அதை எப்படி ஈடு கட்டுவீர்கள்? சேடில் இறங்கினால் அதன் முன்னால் தொங்குகிற ஏப்ரானும் இறங்கும், லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது சேடிலை இழுக்கிற நீளமான ஸ்க்ரூ) ஹாஃப் நட்டோடு (அந்த ஸ்க்ரூவைக் கவ்வுகிற இரு பாதி நட்) ஒரே கோட்டில் இருக்காது. சேடில் அடியில் டர்சைட் ஷீட் (வழுக்குகிற பிளாஸ்டிக் தகடு) ஒட்டிச் சுரண்டித் தருகிறோம் என்று பதில் வந்தால் கொடுக்கலாம். வேலைக்கு 0.05 துல்லியம் போதும் என்றால் இந்தச் செலவே வேண்டாம், தேய்ந்த பெட்டிலும் நல்ல புஷ்ஷும் பின்னும் கடையலாம். நான் இன்றும் கடைகிறேன்.

## சக் அவுட் அடிக்கிறது (சென்டர் விலகிச் சுற்றுகிறது)

பழைய மூன்று ஜா (கவ்வுகிற தாடை) சக்கில் 0.10 மி.மீ. வரை அவுட் இருப்பது சாதாரணம். கம்பியை ஒருமுறை பிடித்தபின் கழற்றாமல் வேலையை முடித்தால் அந்த அவுட் ஜாப்பில் வரவே வராது. அதைவிட அதிகம் என்றால், சக்கைக் கழற்றி ஸ்பிண்டில் மரையையும் சக்கின் உள் மரையையும் பழைய பல்துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். ஜாக்களில் 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும், இடம் மாறிப் போட்டிருந்தால் சென்டர் எங்கேயோ போகும். பிறகு சக் இல்லாமல் ஸ்பிண்டில் மூக்கில் டயல் வைத்துக் கையால் சுற்றுங்கள். அங்கே 0.01-க்குள் இருந்தால் ஸ்பிண்டில் நல்லது, கோளாறு சக்கில்தான், ஒரு நாலு ஜா சக் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலே அவுட் அடித்தால் அது வளைந்திருக்கலாம். அதை அடித்து நிமிர்த்த முயற்சிக்காமல் நல்ல டூல் ரூமுக்குக் கொண்டு போங்கள்.

## சக் கழலவே இல்லை

மரைச் சக் வருடக்கணக்கில் கழலாமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும். இதற்கு எல்லோருக்கும் தோன்றுகிற வழி, பேக் கியரை (வேகத்தைக் குறைக்கிற பல்சக்கரங்கள்) போட்டு ஸ்பிண்டிலை லாக் செய்துவிட்டுச் சக்கை அடிப்பது. அதைச் செய்யாதீர்கள். வார்ப்பு இரும்புப் பல்சக்கரத்தின் ஒரே பல்லில் அத்தனை அடியும் விழும். பல் உடைந்த பேக் கியரோடு விற்பனைக்கு வருகிற பழைய லேத்துகளில் பல இப்படித்தான் உடைந்தவை.

மண்ணெண்ணெயும் மெல்லிய ஆயிலும் சம அளவில் கலந்து மரை சேரும் இடத்தில் விட்டு, இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் தொடர்ந்து விடுங்கள். அப்புறம் பெல்ட்டை நன்றாக இறுக்கி, புல்லியை உதவிக்கு ஒருவர் பெல்ட்டோடு சேர்த்துப் பிடிக்க, கரண்ட் இணைப்பு முழுதாகத் துண்டித்த நிலையில், சக் ஜாவில் ஒரு நீளமான மரச்சட்டத்தைக் குறுக்கே பிடித்து உங்கள் பக்கமாகச் சட்டென்று இழுங்கள். வரவில்லையென்றால் சக்கின் உடம்பை மட்டும் ஹாட் கன்னில் கை பொறுக்காத சூடு வரை காய்ச்சிவிட்டு இன்னொரு முறை இழுங்கள். நான் பார்த்ததில் மிகப் பிடிவாதமான ஒன்று ஆறாம் நாள் கழன்றது.

## கைப்பிடி சுற்றுகிறது, ஸ்லைடு நகரவில்லை

கால் சுற்று வரை வெறுமனே சுற்றினால் பழைய லேத்துக்கு அது சகஜம். ஒரே திசையில் வந்து அளவைப் பிடிக்கப் பழகினால் போதும். அளவு தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். அதற்கும் மேல் ஆட்டம் என்றால், கைப்பிடிப் பக்கத்து காலர் நட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது ஐந்து நிமிட வேலை. அது சரியாக இருந்தால் கன்மெட்டல் நட் தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரூவோடு கொண்டுபோய்ப் புது நட் போட்டு வாங்குவதே வழி.

ஸ்லைடு ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால் கைவேலைக்கு நல்ல வாய்ப்பு. ஜிப் தகடு வளைந்தோ தேய்ந்தோ இருக்கும், அதை வீட்டிலேயே புதிதாகச் செய்யலாம். அரத்தில் சாக்பீஸ் தடவிக்கொண்டு ராவினால் பல்லில் பொடி அடைத்துக் கோடு விழாது. ராவி ஏறக்குறைய பொருத்திய பிறகு, ஸ்லைடின் நல்ல முகத்தில் பிரஷ்யன் ப்ளூ என்கிற நீலப் பசையை மூச்சுப் பட்ட மாதிரி மெல்லிசாகத் தடவி, ஜிப்பை அதில் இழுத்துப் பாருங்கள். நீலம் ஒட்டுகிற இடம் மேடு, அதை மட்டும் சுரண்டுங்கள். ஸ்கிரேப்பர் வாங்கத் தேவையில்லை. தேய்ந்த தட்டை அரம் ஒன்றின் முனைப் பல்லைச் சாணையில் எடுத்து, முனையை லேசான வளைவாக்கி, எண்ணெய்க் கல்லில் தீட்டினால் ஆயிற்று. சாணையின் சூட்டில் அரத்தின் முனையில் நீல நிறம் பாயாமல் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள், நீலம் பாய்ந்தால் கடினம் போய்விடும். முதல் ஜிப்புக்கு எனக்கு மூன்று மாலை ஆனது. அன்றைக்கு கிராஸ் ஸ்லைடு முழு நீளமும் ஒரே சீராக வழுக்கிப் போனபோது கிடைத்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

## ஹெட்ஸ்டாக் சூடாகிறது

நான்கில் மூன்று லேத்தில் காரணம் பெயின்ட். யாரோ அழகாக அடித்த பெயின்ட் எண்ணெய்த் துளையை மூடியிருக்கும். அல்லது எண்ணெய் விட வேண்டிய துளையில் கிரீஸ் அடித்திருப்பார்கள், அது இறுகி மெழுகு மாதிரி அடைத்துவிடும். கம்பியால் குத்தாமல் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துச் சுத்தம் செய்யுங்கள், திரி இருந்தால் மாற்றுங்கள். எண்ணெய் ஒழுங்காக இறங்கியும் சூடானால் கேப் அல்லது பின்பக்கத் தள்ளு நட் (ஸ்பிண்டில் முன்பின் நகராமல் பிடிக்கிற நட்) அதிகம் இறுகியிருக்கிறது. எண்ணெயோடு மஞ்சள் மின்னும் பொடி வந்தால் உடனே நிறுத்துங்கள், புஷ் அரைபடுகிறது.

## மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள், உறுமிக்கொண்டே நின்றால் சில நிமிடத்தில் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகிவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் போட்டுப் பாருங்கள். சுற்றினால் கோளாறு லேத் பக்கம்: பெல்ட் அதிக இறுக்கம், அல்லது ஸ்பிண்டில் இறுக்கம். வோல்டேஜ் மாலை நேரத்தில் 200-க்குக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள். பெல்ட் இல்லாமலும் சுற்றவில்லை என்றால், சிங்கிள் பேஸ் மோட்டாரில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர், அடுத்தது உள்ளே இருக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் பிடித்ததும் தானே திறக்கிற சுவிட்ச்). கெப்பாசிட்டர் கரண்டைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும், பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். த்ரீ பேஸ் மோட்டார் என்றால் ஒரு பேஸ் வரவில்லை என்றே வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத இணைப்பில் எந்த லேத்தையும் ஓட்டாதீர்கள்.

## பெட் முழுக்கத் துரு

ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், முரட்டு உப்புத்தாள் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்டீல் வுல் போதும், பெட்டின் நீளவாக்கில் தேயுங்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு துருவை எடுக்கும், கூடவே பளபளப்பையும் அரித்துச் சாம்பலாக்கும், பெட்டில் அதைத் தடவாதீர்கள். கைப்பிடி, பிராக்கெட் மாதிரிச் சின்னப் பாகங்களுக்குச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் 12 வோல்ட் கொடுத்துத் துரு எடுக்கலாம். பாகத்தில் நெகட்டிவ், பழைய இரும்புத் தகட்டில் பாசிட்டிவ், திறந்த வெளியில். பாசிட்டிவுக்கு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் போடக்கூடாது, குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும்.

## மரை வெட்டினால் பிட்ச் (மரைகளின் இடைவெளி) தப்புகிறது

முதலில் ஒரு கீறல் மட்டும் போட்டு ஸ்கேலில் எண்ணிப் பாருங்கள். சரியாக இரட்டிப்போ பாதியோ வந்தால் சேஞ்ச் கியர் (பிட்ச்சுக்கு ஏற்ப மாற்றுகிற பல்சக்கரங்கள்) ஜோடி இடம் மாறியிருக்கலாம். இன்ச் லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை துல்லியமாக வேண்டுமென்றால் 127 பல் கியர் தேவை, ஏனென்றால் 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அப்போது ஒரு மரை முடியும் வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது, ரிவர்ஸ் ஓட்டித்தான் திரும்ப வேண்டும். மரைச் சக் வைத்த லேத்தில் ரிவர்ஸ் என்றால் மிகக் குறைந்த வேகத்தில், மோட்டார் முழுதாக நின்ற பிறகு மட்டும். சட்டென்று திருப்பினால் சக் கழன்று காலில் விழும்.

பிட்ச் சரி, ஆனால் ஒவ்வொரு வெட்டும் வேறு இடத்தில் விழுகிறது என்றால் ஹாஃப் நட் தேய்ந்திருக்கலாம். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டிப் பாருங்கள், சரியானால் அதுதான்.

## காஸ்டிங்கில் (வார்ப்பு இரும்பு உடம்பில்) விரிசல்

சேடிலிலோ ஹெட்ஸ்டாக்கிலோ மயிரிழை மாதிரிக் கோடு தெரிந்தால் மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவுங்கள், விரிசலாக இருந்தால் எண்ணெய் ஊறிக் கோடு போடும். சாதாரண வெல்டிங் ராடால் பற்ற வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். வார்ப்பு இரும்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடில் பற்ற வைத்து, மெதுவாக ஆற வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். விரிசல் பேரிங் இருக்கையைத் தொடுகிறது என்றால் அவர் பார்த்துச் சொல்லும் வரை லேத்தை ஓட்ட வேண்டாம்.